கள்ளிச் சாறு கலவாத சுவர்

புன்னைக்குறிச்சி வியாகுல மாதா கோயிலுக்கு வெள்ளையடித்தே வாழ்ந்து முடித்தவர் தொம்மையார். ஒரு மண்தொட்டி, ஓர் ஏணி, நுனியைத் தட்டி நாராக்கிய பனைமட்டை நாலைந்து, இவ்வளவுதான் அவருடைய சொத்து. வீடுவீடாகப் போய்ச் சுண்ணாம்பு பூசிப் பிழைத்தார். கோயிலுக்குப் பூசினால் மட்டும் கூலி வாங்கமாட்டார். மட்டையைத் தொட்டியில் தோய்க்கும்போது ஓர் அருள்நிறை மந்திரம், சுவரில் இழுத்து முடித்ததும் இன்னொன்று. திருவிழாவுக்கு முன் கோயில் முழுக்கப் பூசி இறங்குவதற்குள் எத்தனை செபமாலை ஆயிற்று என்பதை வானதூதர்கள்தான் எண்ணியிருக்க வேண்டும்.

அந்தப் பழைய கோயிலில் பீடத்துக்குப் பின்சுவரில் ஒரு படம் இருந்தது. எந்தக் காலத்திலோ வந்துபோன, பேர் தெரியாத ஓவியர் ஒருவர் வரைந்தது. இறந்த மகனை மடியில் கிடத்திக் குனிந்து பார்க்கும் மாதா. அந்த மனிதர் எங்கிருந்து வந்தாரோ, மாதாவுக்கு நம்மூர்ப் பெண்ணின் காதைக் கொடுத்திருந்தார். பாம்படம் கழற்றிய வெறுங்காது, தோளைத் தொட்டுத் தொங்கியது. தொம்மையாரின் மனைவி சலேத்தம்மாள், நாலு வயது மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகு, தினமும் அந்தப் படத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். பெரிய செபமெல்லாம் அவருக்கு வராது. "அந்த அம்மைக்குத் தெரியும்லா" என்பார். அதோடு சரி.

ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, மாதாவின் முகமெங்கும் பூசணம் பிடித்துக் கறுத்தது. அப்போதைய பங்குச் சாமியார் இன்னாசி அடிகளார் நல்லவர்தான், ஆனால் எதிலும் அவசரம். மாதா சிலையாகப் புதுச் சுரூபம் ஒன்றை வரவழைத்துவிட்டுத் தொம்மையாரைக் கூப்பிட்டார்.

"படத்தைச் சுரண்டி எடுத்துட்டு வெள்ளையடிச்சிரு, தொம்மை."

தொம்மையார் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "சாமி, பெத்த தாய் மூஞ்சிய எப்படிச் சாமி சுரண்டுவேன்?"

சாமியார் சற்று யோசித்தார். "சரி, சுரண்டாம மேலே பூசி மூடு. ஆனா சுரண்டியாச்சுன்னே ஊர் நினைக்கட்டும். இல்லேன்னா புதுச் சுரூபத்தை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டாங்க. நான் சொல்ற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

தொம்மையார் தலையாட்டினார். மூன்று மாதத்தில் சாமியாருக்கு மாற்றல் வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போய்விட்டார். வாயைக் கட்டியவர் வந்துதான் அவிழ்க்க வேண்டும் என்று இவர் காத்திருந்தார். ஒரு வருடமா இரண்டு வருடமா, முப்பத்தொரு வருடம்!

சுண்ணாம்பு சுவரில் ஒட்டி நிற்கச் சப்பாத்திக்கள்ளிச் சாற்றைக் கலப்பார்கள். கலக்காவிட்டால் தொட்ட கையோடு வந்துவிடும். தொம்மையார் கோயில் முழுக்கக் கள்ளிச் சாறு கலந்து பூசினார். அந்த ஒரு சுவருக்கு மட்டும் காற்றுப்பட்டு ஆறிப்போன சுண்ணாம்பை, சாறு சேர்க்காமல், குழந்தைக்குப் பவுடர் போடுகிற பதத்தில் தடவி வைத்தார். என்றாவது ஒருநாள் துடைத்தெடுக்கலாம் என்ற ஒரே ஆசை. அதனால் ஒவ்வொரு திருவிழாவிலும் வெடிச்சத்தம் கேட்டால் போதும், பின்சுவர் பொலபொலவென்று உதிர்ந்து சாமியாரின் பூசை உடுப்பில் விழும்.

"ஓய் தொம்ம, உம்ம சுண்ணாம்பு என்னவே, தலப்பொடுகு மாதிரி கொட்டுது? தொழில் தெரியலன்னா மட்டயக் கீழ போடும்" என்று திருவிழாக் கமிட்டித் தலைவர் தஸ்நேவிஸ் கூட்டத்தில் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். தொம்மையாரும் சேர்ந்து சிரிப்பார். ஊர் சிரித்ததைத் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஒன்று அவர் வீட்டிலேயே இருந்தது.

சலேத்தம்மாளும் ஊரைப் போலத்தான் நம்பினார், தன் புருசன் கையாலேயே மாதாவைச் சுரண்டிவிட்டார் என்று. இருபது வருடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாகக் கிடந்தவருக்குச் சாமியார் வந்து அவஸ்தை பூசி முடித்த அன்று மட்டும் கேட்டார்.

"நீங்க சுரண்டாம இருந்திருக்கலாம். போகுமுன்ன அந்த மொகத்த ஒருதரம் பாத்திருப்பேன்."

ஈரத்துண்டோடு கோயிலுக்கு ஓடி, துடைத்துவிட்டு, மனைவியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். தொம்மையார் அசையவில்லை. சாமிக்குக் கொடுத்த வாக்கு நாக்கைப் பிடித்துக்கொண்டது. அன்று மாலையே அந்த அம்மாள் கண்ணை மூடினார். இதை எழுதும்போதும் எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. அவருக்கோ அந்தக் கோபம் கடைசிவரை தன்மேல் இருந்தது.

மேலும் பதினோரு வருடம் போயிற்று. பழைய கோயிலை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவது என்று ஊர் முடிவெடுத்தது. இடிப்பு திங்கட்கிழமை. தொம்மையார் வெள்ளிக்கிழமையே பஸ் ஏறி, ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்தில் இருந்த இன்னாசி அடிகளாரைத் தேடிப் போனார். தடம் மாறி, விசாரித்து, சனிக்கிழமை போய்ச் சேர்ந்தார். அடிகளாருக்கு வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது.

"சாமி, சுவர இடிக்கப் போறாவ. நீங்க சொல்லுத வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சொன்னிய. இப்பச் சொல்லட்டுமா?"

"எதை, தொம்மை?"

இவர் விவரமாகச் சொன்னார். அடிகளார் நெடுநேரம் யோசித்தும் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"நானா சொன்னேன்? ஒரு மாசம், ரெண்டு மாசம்னு நெனச்சுச் சொல்லியிருப்பேன் தொம்மை. நீ… இத்தனை வருஷமா?"

"சலேத்து கேட்டா சாமி. அவகிட்டயும் சொல்லல."

கிழவர் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அடிகளார்தான் முதலில் கையை விட்டார். "போ. ஓடு. எல்லார்கிட்டயும் சொல்லு."

தொம்மையார் ஞாயிறு மதியம் ஊர் வந்து சேர்ந்தபோது கோயிலுக்குக் கூரை இல்லை. இயந்திரம் ஒருநாள் முந்திக் கிடைத்ததால் காலைப் பூசை முடிந்த கையோடு வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பீடத்தைப் பெயர்த்தபோது, அதோடு ஒட்டியிருந்த கீழ்ச்சுவரும் சரிந்து மண்ணாகக் கிடந்தது. மேல்பாதி மட்டும் நின்றது. இயந்திரம் அதை நோக்கிக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தது. தொம்மையார் நேரே போய்ச் சுவருக்கு முன்னால் நின்றார்.

"கிறுக்குப் பிடிச்சிட்டாவே? விலகும்!" என்று தஸ்நேவிஸ் கத்தினார்.

தொம்மையார் இடிபாட்டின் மேல் ஏறினார். தோள் துண்டைத் தண்ணீரில் நனைத்துச் சுவரைத் துடைத்தார். முப்பத்தொரு பூச்சும் பாலாடை போலக் கையோடு வந்தது. முதலில் அந்த வெறுங்காது. பிறகு நெற்றி. பிறகு முகம். அன்று பிடித்திருந்த பூசணத்தின் சுவடே இல்லை. சுண்ணாம்பு அதைத் தின்றுவிட்டது என்று படித்தவர்கள் சொன்னார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். இயந்திரக்காரர் வேற்று மதத்தவர். அவர்தான் முதலில் இறங்கிச் செருப்பைக் கழற்றினார்.

ஊரே முழந்தாளில் நின்றது. தஸ்நேவிஸ் தொம்மையாரின் சுண்ணாம்புக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தொம்மையாரின் பார்வையோ கீழேயே இருந்தது. மகன் கிடந்த மடி மண்ணாகிவிட்டது. ஒருநாள் முந்தி வாயைத் திறந்திருந்தால் இருந்திருக்கும்.

புதுக்கோயில் எழும்பியது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், தேக்கில் செதுக்கிய பதினான்கு சிலுவைப்பாதைத் தலங்கள் என்று எல்லாம் வந்தன. பழைய சுவர்த்துண்டைப் பெயர்த்துவந்து பீடத்துக்கு மேலே பதித்தார்கள். மடியையும் மகனையும் புதிதாக வரைந்து சேர்க்க ஓவியர் ஒருவர் வந்தார். தொம்மையார் புதுப் பங்குச் சாமியாரிடம் போய், "வேண்டாம் சாமி. நான் தொலச்ச எடம் வெறுசாவே கெடக்கட்டும்" என்றார். அந்த இடத்துக்குத் தம் கையாலேயே வெள்ளையடித்தார். இந்தத் தடவை கள்ளிச் சாறு கலந்தார்.

அதன்பின் ஒன்றரை வருடம் இருந்தார். தினமும் சலேத்தம்மாளைப் போலவே மாதாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். வெறும் மடியைப் பார்த்துக் குனிந்திருக்கும் அந்த முகத்திடம் ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்பார். ஒரு வியாகுல மாதா திருநாளன்று, காலைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கித் திரும்பியவர், உட்கார்ந்தவாக்கிலேயே உயிர்விட்டார்.

வழக்கப்படி சவப்பெட்டியைப் பீடத்தடியில் நடுவாக வைத்தார்கள். பாட்டு தொடங்கும் முன் தஸ்நேவிஸ் தற்செயலாக நிமிர்ந்து மாதாவைப் பார்த்தார். அந்தக் கண் போகும் வழியே குனிந்தார். வெறும் மடியைத் தாண்டி, மாதாவின் பார்வை தொம்மையாரின் முகத்தில் வந்து நின்றது.

"எய்யா, மடியில வாங்கிக்கிட்டாவளே!" என்று அவர் வாய்விட்டு அழுதார்.

பேசத் தெரியாமல் தோற்றவர் தொம்மையார். காக்கத் தெரிந்தவரும் அவரே. அந்தச் சுண்ணாம்புக் கைகளுக்கு நம் வணக்கம்.