சருகுமான் குட்டியின் நீளப் பெயர்

ஒரு காட்டில், ஓடைக்கரைப் புங்க மரத்தின் வேர்ப்பொந்தில், மிளகி என்றொரு சருகுமான் குடியிருந்தாள். சருகுமான் என்றால் பெரிய மான் என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். உதிர்ந்த இலையின் நிறமும் அதன் முதுகின் நிறமும் ஒன்று. அசையாமல் படுத்துவிட்டால் பக்கத்தில் போகிறவனுக்கும் தெரியாது.

மிளகி பயந்த சுபாவக்காரி. யார் எது சொன்னாலும் "சரி" என்றுவிடுவாள். மழை வரும் என்றால் சரி, வராது என்றாலும் சரி. மறுத்துப் பேச அவளுக்கு வாய் வராது.

அவளுக்கு ஓர் ஆண்குட்டி பிறந்தது. வில்வங்காய் அளவு உடம்பு, ஈர்க்குச்சி போல நான்கு கால்கள். ஆனால் காது இரண்டும் நல்ல விசாலம்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குட்டியின் காதில் யார் பெயரைச் சொல்கிறாரோ, அவரே அதற்குக் காவல். அந்தப் பெயரை யாராவது உரக்கக் கூப்பிட்டால், வாயில் இருக்கும் இரையைக்கூட விழுங்காமல் ஓடிவர வேண்டும். "காதில் சொன்னவர், காதில் விழுந்தால் வர வேண்டும்" என்பது காட்டுப் பேச்சு.

மிளகி யானையிடம் போய்க் கேட்டாள். பெருமைக்காரரான யானைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வந்தார், முழங்காலிட்டார், குட்டியின் காதில் "மாமலைமேனியன்" என்றார். அவர் விட்ட மூச்சில் மாமலைமேனியன் மூன்று முறை உருண்டு ஒரு காளான்மேல் போய் மோதினான்.

"பிள்ளை சின்னதாக இருந்தால் என்ன, பெயர் பெரிதாக இருக்கட்டும்" என்றார் யானை.

விஷயம் பரவியது. அழகுக்காரரான மயில் வந்து, யானை சொல்லலாம், தான் சொல்லக் கூடாதா என்று கேட்டார். மிளகி சரி என்றாள். "மழைகண்டாடும் தோகைச்சுடர்" என்றார் மயில். அடுத்து முன்கோபக்காரரான முள்ளம்பன்றி வந்தார். கேட்கவே இல்லை, நேராகக் காதருகே போய் "எவர்க்கும் அஞ்சாக் கூர்வேலன்" என்று சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தார். குறும்புக்காரியான கருமந்தி மரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கியபடியே "கிளைக்குக்கிளை பாயும் காற்றரசன்" என்றாள். காதில் அவள் மீசை பட்டுக் குட்டி தும்மியது. எல்லாரும் சிரித்தார்கள்.

ஆகக் குட்டியின் முழுப்பெயர், மாமலைமேனியன் மழைகண்டாடும் தோகைச்சுடர் எவர்க்கும் அஞ்சாக் கூர்வேலன் கிளைக்குக்கிளை பாயும் காற்றரசன்.

மிளகி ஒரு சொல்லையும் விடமாட்டாள். ஒன்றை விட்டால் அதைக் கொடுத்தவர் மனம் என்ன பாடுபடும்? பால் கொடுக்கும்போதும் மெல்லிய குரலில் முழுப்பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுவாள். கூர்வேலன் வருவதற்குள் குட்டி வந்து மடியை முட்டும். காற்றரசன் முடிவதற்குள் குடித்துவிட்டுத் தூங்கிவிடும்.

இருந்தாலும் அவளுக்கு அந்தப் பெயரைச் சொல்வதில் ஒரு சுகம். நெடுநாள் தனியாகவே கிடந்தவள். அதைச் சொல்லும்போதெல்லாம் நாலு பேர் பொந்துக்குள் வந்து உட்கார்ந்து கதை பேசுவது போல இருக்கும்.

இதையெல்லாம் புதருக்குள்ளிருந்து ஒரு நரி பார்த்துக்கொண்டிருந்தது. தந்திரக்கார நரி. குட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அதன் நாக்கில் நீர் ஊறும். பெயரைக் கேட்டால் ஊறிய நீர் வற்றிவிடும். நான்கு காவல்.

ஒருநாள் காலை நரி வலிய வந்து பேச்சுக் கொடுத்தது. "என்ன தங்கச்சி, பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறாயா, இல்லை ஊர்வலம் விட்டிருக்கிறாயா? முன்னால் ஆனை, பின்னால் மயில், நடுவில் குரங்கு. மேளம் ஒன்றுதான் குறை."

மிளகிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கொஞ்சம் நீளம்தான் அண்ணே."

"கொஞ்சமா? நாளைக்குப் புலி வருகிறது என்று வை. நீ மாமலை என்று தொடங்கிக் காற்றரசன் என்று முடிக்கும்வரை புலி வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்குமா? நீ பெயரை முடிப்பாய். அது பிள்ளையை முடித்திருக்கும்."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அன்று முழுக்க அவள் புல்லைக் கடிக்கவில்லை. பெயரைச் சொல்லிப் பார்த்தாள். வேகமாகச் சொல்லிப் பார்த்தாள். மூச்சுத்தான் வாங்கியது.

மறுநாள் விடிந்ததும், சரி, கேட்டுவிடலாம் என்று கிளம்பினாள்.

யானை சேற்றில் புரண்டுகொண்டிருந்தார். பெரியப்பா, பெயரைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று மிளகி இழுத்து இழுத்துக் கேட்டாள். தாராளமாகக் குறை, மற்ற மூன்றையும் எடுத்துவிடு என்றார் அவர். மற்றவர்களும் அதையேதான் சொல்லக்கூடும், ஒருவேளை உங்கள் சொல்லையே எடுக்க நேர்ந்தால் என்றாள். யானையின் காது ஆடாமல் நின்றது. "வேரை வெட்டிவிட்டுக் கிளைக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறாயா? ஊற்று. இனி என்னோடு பேசாதே" என்று திரும்பி நின்றுகொண்டார்.

மயில் தோகையை அவள் பக்கம் இழுத்துவிட்டு நடந்து போனார். முள்ளம்பன்றி முட்களைச் சலசலவென்று உதறிவிட்டு வளைக்குள் புகுந்து, பின்புறத்தால் வாசலை அடைத்துக்கொண்டார். கருமந்தி பாதி தின்ற அத்திப்பழத்தை அவள் முன்னால் எறிந்தாள். "கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொள் என்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். நாளைக்குப் பிள்ளை வால் நீளம் என்றால் அதையும் வெட்டுவாயா?"

நான்கு பேருக்கும் கோபம். மிளகி அழுதபடி திரும்பி வந்தாள். பொந்தின் வாசலில் நரி காத்திருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அது நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. ஒருவர் சொல்லை எடுத்தால் ஒருவருக்கு வருத்தம், எல்லாருடையதையும் எடுத்துவிட்டால் யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை என்று சமாதானம் சொன்னது. பிறகு குரலைத் தேனாக்கிக்கொண்டது.

"அண்ணன் நான் இருக்கிறேன். என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது. துளி. பார், வாயைத் திறந்தாய், முடிந்தது. நானே காதில் சொல்கிறேன். நானே காவல்."

பெயர் நன்றாகத்தான் இருந்தது. மிளகி சொல்லிப் பார்த்தாள். துளி. மூச்சே வாங்கவில்லை.

"சரி" என்றாள்.

ஆனாலும் கண் கலங்குவதைப் பார்த்து, அவளுக்குச் சந்தேகமே இருக்கக் கூடாது என்று நரி ஒரு பந்தயம் சொன்னது. குட்டி புங்க மரத்தடியில் நிற்கட்டும். மிளகி ஓடைக்கு அக்கரை போய் நின்று இரண்டு பெயரையும் கூப்பிடட்டும். எந்தப் பெயருக்குக் காவல் சீக்கிரம் வருகிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கும் அவள் சரி என்றாள். கல் கல்லாகத் தாண்டி அக்கரை போனாள். நண்பகல் வெயில் தண்ணீரில் மின்னியது. திரும்பிப் பார்த்தாள். குட்டி அவளைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"துளி" என்று கூப்பிட்டாள்.

சொல் முடிவதற்குள் நரி பாய்ந்தது. குட்டியைக் கீழே தள்ளி அதன்மேல் முன்காலை வைத்துக்கொண்டது.

"பார்த்தாயா தங்கச்சி, எவ்வளவு சீக்கிரம்?"

சீக்கிரம்தான். ஆனால் மிளகி இப்போது அதைப் பார்க்கவில்லை. வந்தவன் யார் என்று பார்த்தாள். அவன் வாயிலிருந்து வடிந்த எச்சில் குட்டியின் காதில் சொட்டுவதைப் பார்த்தாள். பெயர் சின்னது. அதைக் கேட்டு வந்தவன் ஒரே ஒருவன். அந்த ஒருவன் நரி.

"காலை எடு அண்ணே" என்றாள்.

"ஏன் எடுக்க வேண்டும்? காவல்காரனாயிற்றே." நரி சிரித்தது. "அந்த ஊர்வலத்தையும் கூப்பிடு, கேட்போம். பந்தயம் என்றால் இரண்டு பக்கமும் வேண்டாமா? ஆனால் யார் வருவார்கள்? நீதான் நாலு வாசலையும் போய் அடைத்துவிட்டு வந்தாயே."

அந்த நொடியே கடித்திருந்தால் நரிக்குச் சாப்பாடு கிடைத்திருக்கும். ஆனால் தந்திரக்காரனுக்கு இரையைவிட வாதத்தில் ஜெயிப்பதுதான் ருசி. அவள் கூப்பிட வேண்டும், யாரும் வரக் கூடாது, அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட வேண்டும் என்று அதற்கு ஆசை.

மிளகிக்கு யாரும் வருவார்கள் என்று நம்பிக்கை இல்லை. இருந்தாலும் கழுத்தை நீட்டினாள். வாழ்நாளில் அவள் உரக்கக் கத்தியதே இல்லை. இப்போது கத்தினாள்.

"மாமலைமேனியன்..."

ஒன்றும் அசையவில்லை. நரி கேலியாகத் தலையை ஆட்டியது.

"மழைகண்டாடும் தோகைச்சுடர்..."

"தாளம் போடட்டுமா தங்கச்சி?" என்றது நரி.

"எவர்க்கும் அஞ்சாக் கூர்வேலன்..."

தூரத்தில் ஏதோ முறிந்தது. மூங்கிலா, மரமா தெரியவில்லை. நரியின் காது ஒரு பக்கம் திரும்பியது.

"கிளைக்குக்கிளை பாயும்..." மிளகிக்கு மூச்சு வாங்கியது. விழுங்கிக்கொண்டு முடித்தாள். "காற்றரசன்."

முதலில் வந்தது மயில். மேலிருந்து அலறிக்கொண்டு நரியின் தலையில் இறங்கிக் கண்ணை மறைத்தார். கருமந்தி கிளையிலிருந்து கை நீட்டி வாலைப் பிடித்து இழுத்தாள். முள்ளம்பன்றி வழக்கம்போலப் பின்பக்கமாகவே வந்தார். நரியும் பின்பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்ததால், இரண்டு பேரும் சந்தித்த இடத்தைப் பற்றி நான் விவரமாகச் சொல்லப் போவதில்லை. நரி கத்திய கத்தலில் கொக்குகள் பறந்தன. மூங்கில் புதரைப் பிளந்துகொண்டு யானையும் வந்து நின்றார். உடம்பெல்லாம் சேறு.

"மிளகி, என் கோபம் இன்னும் தீரவில்லை" என்றார் யானை, மூச்சு இரைக்க. "உன்னோடு பேச மாட்டேன். வந்திருக்கிறேன், அவ்வளவுதான்."

"எனக்கும் தீரவில்லை" என்றார் முள்ளம்பன்றி. அவருடைய முட்களில் பாதி இப்போது நரியிடம் இருந்தன.

நரி வாலை உருவிக்கொண்டு ஓடையில் குதித்தது. கல்லுக்குக் கல் தாவியது. நடு ஓடையில் அது கால் வைத்த கல் மட்டும் மெல்ல நகர்ந்தது. அது கல் இல்லை, ஓர் ஆமை. நரி தலைகுப்புற விழுந்து, தண்ணீர் இழுத்த பக்கம் போயிற்று. அதன் பிறகு அந்தப் பக்கம் அதை யாரும் பார்க்கவில்லை.

மிளகி தாவித் தாவி இக்கரை வந்து குட்டியை நக்கினாள். காதை நக்கினாள், காலை நக்கினாள், நடுவில் நின்றுகொண்டிருந்த முள்ளம்பன்றியையும் தெரியாமல் நக்கிவிட்டு நாக்கை இழுத்துக்கொண்டாள். கருமந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். யானைக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு எப்படிப் பேசாமல் இருப்பது? எல்லாருடைய கோபமும் அங்கேயே தீர்ந்தது.

"பெரியப்பா, பெயர் நீளம் என்று நான் சொன்னது..." என்று தொடங்கினாள் மிளகி.

"நீளம்தான்" என்றார் யானை. "இருக்கட்டும். பால் குடிக்க எந்தப் பிள்ளைக்குப் பெயர் வேண்டும்? வாடா என்றால் வந்துவிட்டுப் போகிறான்."

ஆமை அப்போதுதான் கரையேறி வந்து சேர்ந்தாள். நிதானக்காரி. யாரையும் பார்க்காமல், ஒதுங்கி நின்று ஒரு கீரையைக் கடித்தாள்.

மிளகி அவள் பக்கம் போனாள். "அத்தை, நீ காதில் சொன்னவள் இல்லை. நீ வர வேண்டிய கட்டாயமும் இல்லை. பிறகு ஏன் நகர்ந்தாய்?"

ஆமை நெடுநேரம் மென்றாள். "பெயர் அழகாக இருந்தது" என்றாள். "முழுவதும் கேட்டேன். என்னுடைய சொல் ஒன்று அதில் இல்லையே என்று இருந்தது."

முள்ளம்பன்றி யானையைப் பார்த்தார். மயில் கருமந்தியைப் பார்த்தார். ஏற்கெனவே இருக்கிற நீளம் எல்லாருக்கும் தெரியும்.

மிளகி குட்டியை மூக்கால் மெல்லத் தள்ளி ஆமையின் முன்னால் நிறுத்தினாள்.

"சொல்லு அத்தை" என்றாள். "இன்னொரு காது காலியாகத்தான் இருக்கிறது."

நீதி: பெயர் எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, அதைக் கேட்டு ஓடிவருகிறவர் யார் என்று பார்.