தானாகக் கூட்டும் மெஷின்

“குடுத்த காசுக்கு இது தகுமா, தகாதாம்மா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

பொன்னம்பலம் மடத்துக் கூடத்தில் இன்னும் உட்காரக்கூட இல்லை, அதற்குள் கேள்வி. கையில் அட்டைப்பெட்டி. உள்ளே, தானாகவே ஓடித் தரையைக் கூட்டுகிற மெஷின். இருக்கிறதிலேயே விலை குறைந்தது.

மடத்தை நடத்தும் மங்கையர்க்கரசி அம்மா வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும், இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற இந்த மனுஷன் அவரைக் கேட்காமல் ஒரு குடைகூட வாங்க மாட்டார். மெஷினை மட்டும் கேட்காமல் வாங்கிவிட்டார்.

“என்ன ஆச்சு?”

“என் சம்சாரம் போயிட்டாம்மா.”

“ஐயையோ! எங்க?”

“திண்டுக்கல்லுக்கு. தங்கச்சி வீட்டுக்கு.”

அம்மா மூச்சு விட்டார். “அதுக்கு மெஷின் என்ன பண்ணும்?”

“வடிவு கோவிச்சுக்கிட்டு வாசப்படி இறங்குறா. டைமர் வெச்ச நேரம் அதுதான் போல. இது தானா கிளம்பிக் கூட்ட ஆரம்பிச்சிடுச்சு. நான் ஓடிப்போய் நிறுத்துறதுக்குள்ள பாதி வீட்டைக் கூட்டிடுச்சு. ஆள் கிளம்பின கையோட கூட்டலாமாம்மா? பொணம் எடுத்த வீட்டுலதானே அப்படிக் கூட்டுவாங்க? போன் போட்டா எடுக்க மாட்டேங்குறா. திரும்பி வருவாளோ மாட்டாளோன்னு பயமா இருக்கு.”

மனுஷன் அழுதே விட்டார்.

அம்மா தண்ணீர் கொடுத்தார். குடிக்கும்வரை பொறுத்தார்.

“எதுக்குக் கோபம்?”

“அவளுக்கு முதுகு வலி. குனிஞ்சு கூட்ட வேண்டாமேன்னுதானே இதையே வாங்கினேன்! அந்த நன்றி இருக்கா? பிரஷ்ஷுல முடி சிக்குதுங்கறா. பாயைக் கண்டா நின்னுடுதுங்கறா. எந்நேரமும் புலம்பல். ‘ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்’னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ‘அப்போ நீங்களும் உங்க மெஷினும் ஆடுங்க’ன்னு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“நாளைக்குள்ள குடுத்தா கடைக்காரன் திருப்பி எடுத்துப்பான். விலை கூடினதா ஒண்ணு வாங்கிடட்டுமா? இல்ல, இதுவே போதுமா? எதை வெச்சா அவ வருவாளோ அதைச் சொல்லுங்க. அவ வரணும்மா. எனக்கு அவ்வளவுதான்.”

“ஓட விடுங்க. பாப்போம்.”

மெஷின் கிளம்பியது. சுவரில் முட்டியது. திரும்பியது. பாயின் ஓரத்தைக் கவ்வி இழுத்தது, பிறகு என்ன நினைத்ததோ, விட்டுவிட்டது. வழி தவறின மாடு மாதிரிதான் திரிந்தது. ஆனால் குற்றம் சொல்லக் கூடாது, பீரோவுக்கு அடியில் புகுந்து எந்தக் காலத்துத் தூசியையோ வாரிக்கொண்டு வந்தது.

பொன்னம்பலத்தின் முகம் மலர்ந்துவிட்டது. பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மெஷின் பக்கத்தில் வந்தபோது இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். அது அடியில் புகுந்து போனதும் இறக்கிக்கொண்டார்.

“மோசமில்லையேம்மா!”

“மோசமில்லைதான்.”

பக்கத்தில் கிடந்த பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு நிலைப்படி. மெஷின் அங்கே போய் முட்டியது. ஏறப் பார்த்தது. முடியவில்லை. கீ கீ என்று கத்தத் தொடங்கியது.

பொன்னம்பலம் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குரல் மட்டும் கொடுத்தார்.

“வடிவு! அதைத் தூக்கி அந்தப் பக்கம் வை!”

யாரும் வரவில்லை. மெஷின் கத்திக்கொண்டே இருந்தது.

பேப்பர் மெதுவாக இறங்கியது. அவர் நிலைப்படியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“எங்க வீட்டுல அஞ்சு நிலைப்படிம்மா” என்றார்.

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். “திண்டுக்கல் பஸ் இப்ப இருக்குமா?”

“இருக்கும்” என்றார் அம்மா. “முதல்ல அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைங்க.”