யேசுவடியாள் கொண்டுபோன பிடி அரிசி

ஒரு ஊர்ல ஒரு மண்சுவரு இருந்துச்சு. என்ன சிரிக்க? ராஜாவை வச்சுத்தான் கதை ஆரம்பிக்கணும்னு எவன் சொன்னான்? என் கதையில சுவருதான் முதல்ல வரும். காலை நீட்டிப் படு. போர்வையைச் சவுட்டி உதைக்காத. நான் நிறுத்துற எடத்துல ம் போடணும், தெரியுதா? நீ ம் போடலைன்னா நான் பாட்டுக்குத் தூங்கிருவேன்.

"ம்."

ஆங். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு. அதுல யேசுவடியாள்னு ஒரு பொம்பளை. புருஷன் தவறிப்போயிட்டான், ஒத்த மகன், பேரு ஆசீர். சுவருக்கு அந்தப் பக்கம் நேசபாய்னு ஒருத்தி, அவ புருஷன் பேரு கோயில்பிள்ளை, ரெண்டு பொடிப் பிள்ளைங்க. ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒரே வேதக்கோயிலுக்குத்தான் போவாங்க, ஒரே பாயிலதான் உக்காருவாங்க. காலையில இந்தப் பக்கமிருந்து மீன்குழம்பு ஒரு கிண்ணத்துல சுவரைத் தாண்டிப் போகும். மத்தியானம் அதே கிண்ணத்துல முருங்கைக்கீரை பொரியல் திரும்பி வரும். கிண்ணம் வெறுசா வந்ததே கிடையாது. நேசபாய் இவளை அக்கா அக்கான்னுதான் கூப்பிடுவா. கூடப் பொறந்தவ கூட அப்படிக் கூப்பிட மாட்டா.

அப்புறம் என்னாச்சு, நேசபாயோட ஆடு ஒண்ணு காணாமப் போச்சு. நல்ல கொழுத்த ஆடு. தேடுதா, தேடுதா, செம்மண் தேரிக்காடு பூரா தேடுதா, ஆட்டைக் காணோம். யாரோ ஒருத்தி, ஊர்ல அப்படி ஒருத்தி இருப்பால்லா, அவ சொன்னா, அன்னைக்குச் சாயங்காலம் ஆசீரு அந்தப் பக்கமாப் போனான்னு. அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு சனம் எல்லாம் கோயில் வாசல்ல நிக்கும்போது, நேசபாய் கையை நீட்டிச் சொல்லிட்டா: "என் ஆட்டைக் களவாண்டது இவன்தான்."

எல்லாரும் அவனைத் திரும்பிப் பாத்தாங்க. ஒரு பார்வை உண்டு பாரு மக்கா, வாயால ஒண்ணும் சொல்லாம ஆளைத் தூரத் தள்ளி வைக்குற பார்வை, அந்தப் பார்வை. பக்கத்துல நின்ன யேசுவடியாள் மேலயும் அது விழுந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு ஆடு தானா வந்து நிக்குது, ம்ம்மேன்னு கத்திக்கிட்டு. எங்க போய் மேஞ்சுதோ, அந்தக் கழுதைக்குத்தான் தெரியும். ஆனா அதுக்குள்ள ஆசீரு பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி மதுரைக்குப் போயிட்டான். அங்கன ஒரு பேக்கரியில வேலை. கிறிஸ்துமஸுக்குக் கூட ஊருக்கு வரல. நேசபாய் வந்து ஒரு வார்த்தை, "அக்கா, தப்பாச் சொல்லிட்டேன்"னு சொல்லியிருக்கலாம்லா? சொல்லல. வெக்கம். வெக்கம் வந்து தொண்டையில உக்காந்துக்கிட்டா நல்ல வார்த்தை வெளிய வராது. யேசுவடியாள் என்ன செஞ்சா, உடைமரத்து முள்ளை வெட்டி வந்து சுவரு மேல அடுக்கிட்டா. அடுக்கு அடுக்கா. கிண்ணம் என்ன, காக்கா கூட அதுல உக்கார முடியாது.

இருக்கியா?

"ம்."

இப்போ பிடி அரிசி பத்திச் சொல்லணும். அந்த ஊர்க் கோயில்ல ஒரு பழக்கம். எந்த வீட்டுல சோறு ஆக்கினாலும், அரிசியைக் களையுறதுக்கு முன்னால ஒரு கை அள்ளித் தனியா ஒரு சின்னப் பானையில போட்டுருவாங்க. அதுதான் பிடி அரிசி. அது ஆண்டவருக்கு. ஆண்டவரு சோறா திங்காருன்னு கேக்காத, இல்லாதப்பட்டவங்க தின்னா அவரு தின்ன மாதிரி. சனிக்கிழமை சாயங்காலம் யேசுவடியாள் ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போவா. சலசலன்னு கொட்டுவாங்க. அப்புறம் உபதேசியார், அதான் கோயிலைப் பாத்துக்கிற பெரிய மனுசன், அவர் சொல்லுற வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுப்பா.

அது அரிசி வாங்குற சோலி மட்டும் இல்ல. வாசல்ல ஏறி நின்னா, எந்த வீட்டுப் பானையில அரிசி குறைஞ்சிருக்கு, எந்த வீட்டுல அடுப்பே எரியலன்னு தெரிஞ்சுபோகும்லா? ஆனா ஒரு வாசல்ல மட்டும் யேசுவடியாள் ஏற மாட்டா. எந்த வாசல்?

"நேசபாய்."

கெட்டிக்காரி. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு, போதும்.

அப்படி ஒரு வருஷம் ஓடிப்போச்சு. கோயில்பிள்ளை கூரை வேயும்போது வழுக்கி, தடால்னு விழுந்து கால் ஒடிஞ்சு படுத்துட்டான். அது யேசுவடியாளுக்குத் தெரியும். தெரிஞ்சு, ஆண்டவரு என் பக்கம் பாத்துக்கிட்டாருன்னு மனசுக்குள்ள நெனச்சுக்கவும் செஞ்சா. ஆமா, நெனச்சா. நல்லவங்களுக்கும் அப்படி நெனப்பு வரும். ஆனா அந்த வீட்டுல அரிசி தீந்துபோனது அவளுக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை உபதேசியார் பக்கத்து ஊருக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தார். பெட்டியைப் பாத்துட்டு, "இந்த வாரம் இது நேசபாய் வீட்டுக்குப் போகட்டும்மா. அங்க அடுப்பு எரியலன்னு கேள்விப்பட்டேன்"னு சொல்லிட்டு, சைக்கிளை மிதிச்சுக்கிட்டுப் போயிட்டார். இவளுக்குப் பெட்டி கையில கல்லாக் கனத்துச்சு. வேற யார் வீட்டுக்கு வேணும்னாலும் போவேன், அந்த வாசல்ல ஏற மாட்டேன்னு சொல்ல வாயெடுத்தா. கேக்க ஆளில்ல.

அப்போ என்ன செஞ்சா தெரியுமா? பாதி அரிசியைத் துணியில முடிஞ்சா. சுவருகிட்டப் போனா. ஏன் நடக்கணும், இங்கேருந்தே குடுத்தா ஆகாதான்னு ஒரு சுத்து சுத்தி, விஸ்ஸ்ஸ்னு வீசினா. துணி போய் முள்ளுல மாட்டி, பர்ர்ர்னு கிழிஞ்சு, அரிசி எல்லாம் பொலபொலன்னு மண்ணுல கொட்டிச்சு. எங்க இருந்துதான் வந்துச்சோ, ஊர்க்கோழி எல்லாம் கொக்கொக்கொக்குன்னு ஓடி வந்து, டக் டக் டக்குன்னு கொத்தித் தின்னுட்டு, ஏப்பம் விடாத குறையாப் போயிருச்சு.

நான் குடுத்துட்டேன், கோழி தின்னா நான் என்ன செய்யன்னு யேசுவடியாள் உள்ள வந்துட்டா. ஆனா சோறு இறங்கல. முழங்கால் போட்டு ஜெபம் பண்ணப் போனா. பரமண்டல ஜெபத்துல, எங்களுக்குக் குத்தம் செஞ்சவங்களை நாங்க மன்னிக்கிற மாதிரின்னு ஒரு இடம் வரும்ல, அங்க அவ ஒரு வருஷமா முணுமுணுன்னு வாய்க்குள்ளயே முழுங்கிட்டு அடுத்ததுக்குப் போயிருவா. அன்னைக்கு முழுங்கவும் முடியல, சொல்லவும் முடியல. அப்படியே எந்திரிச்சுப் போய்ப் படுத்துட்டா.

"ம்."

நீ கேக்கியா, தூக்கத்துல ம் போடுதியா? சரி.

மறுநாள் கோயிலுக்குப் போயிட்டு வந்தா. அந்தப் பக்கத்துக் கூரையில இன்னும் புகை இல்ல. மீதி அரிசியைப் பெட்டியோட எடுத்தா. தெருவழியாச் சுத்திப் போய், நேசபாய் வீட்டு வாசல்ல பெட்டியை வச்சு, கதவை டொக் டொக்னு தட்டிட்டு, குடுகுடுகுடுன்னு ஓடி வந்துட்டா. அந்த வயசுக்கு அந்த ஓட்டம் அதிகம்தான். மூச்சு வாங்குது அவளுக்கு. முகத்தைப் பாக்காம குடுத்தாச்சு, அப்பாடான்னு உக்காந்தா.

சாயங்காலம் வாசல்ல ஆள் சத்தம். உபதேசியார் சம்சாரம் நிக்குறாங்க. அவங்க கையில அதே பெட்டி. அரிசி அப்படியே இருக்கு.

அவங்களுக்கு விவரம் ஒண்ணும் தெரியாது, பாவம். யாரோ கோயில் அரிசியைத் தன் வாசல்ல மறந்து வச்சிட்டுப் போயிட்டாங்கன்னு நேசபாய் கொண்டுவந்து குடுத்தாளாம். ஒரு மணி குறையல, நல்லாப் பாத்துக்கிடுங்க, நாளைக்கு யாரும் என்னைக் கள்ளின்னு சொல்லிரக் கூடாதுன்னு சொன்னாளாம். அவ பிள்ளைங்க ரெண்டும் பின்னாலயே வந்து, பெட்டியையே பாத்துக்கிட்டு நின்னுச்சாம். இதைச் சொல்லிட்டு, பெட்டியை வச்சிட்டு அவங்க போயிட்டாங்க.

யேசுவடியாள் ரொம்ப நேரம் அந்தப் பெட்டியைப் பாத்துக்கிட்டே இருந்தா. நேசபாய் வீட்டுல ஒரு பருக்கை இல்ல, வாசல்ல ஒரு பெட்டி அரிசி, அதைத் தலையில சுமந்து திருப்பிக் குடுத்திருக்கா. அவளும் நம்மள மாதிரி அந்தப் பார்வைக்குப் பயந்துதான் கெடக்கான்னு அப்போதான் இவளுக்கு உறைச்சுது.

அப்புறம் பெட்டியை இடுப்புல வச்சா, நடந்தா. காலு பின்னால இழுக்குது. வழி நெடுக ஒரு வார்த்தையைச் சாணை பிடிச்சுக்கிட்டே போறா: என் மகனைக் கள்ளன்னு சொன்ன வாய்க்கு இந்தா அரிசின்னு சொல்லணும், அப்படிச் சொல்லிட்டுத்தான் குடுக்கணும்னு. கதவைத் தட்டினா. கிரீச்னு தெறந்துச்சு.

நேசபாய் எலும்பும் தோலுமா நிக்குறா. சேலை உடம்புல நிக்கல. இவளைப் பாத்ததும், "அக்கா"ன்னா.

ஒரு வருஷம் ஆச்சு அந்தச் சொல்லைக் கேட்டு. சாணை பிடிச்சு வச்ச வார்த்தை எங்க போச்சுன்னே தெரியல யேசுவடியாளுக்கு.

"இது யாரும் மறந்து வச்சதில்ல, நேசம். உனக்குத்தான்."

"வேண்டாம்க்கா. உன் கையால வாங்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

"யோக்கியதை பாத்துக் குடுக்குற அரிசியா இது? அப்படிப் பாத்தா எனக்கும்தான் இல்ல. நேத்தே உனக்கு வரவேண்டியதை நான் கோழிக்குப் போட்டேன். பிடி, பிள்ளைங்க பசியா இருக்கு."

நேசபாய் வாங்கினா. பிள்ளைங்க ரெண்டும் ஓடி வந்து முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அரிசியைச் சட்டியில போட்டா. போட்டவ, தண்ணி ஊத்துறதுக்கு முன்னால, ஒரு கை அள்ளினா. மூலையில ஒரு சின்னப் பானை கவுந்து கெடந்துச்சு. அதை நிமித்தி, சல்லுன்னு அதுல போட்டா. யோசிச்செல்லாம் செய்யல. கை தானாப் போச்சு. பசியில கண்ணு இருட்டிக்கிட்டு வருது, அப்பவும் வேற யாருக்கோ முதல்ல ஒரு கை.

அதைப் பாத்ததும் யேசுவடியாள் நிலைப்படியிலயே உக்காந்து ஓன்னு அழுதுட்டா. இந்தக் கைக்கு முன்னாலயா நான் முள்ளு அடுக்கினேன்னு அழுதா. நேசபாயும் அழுதா. படுத்துக் கெடந்த கோயில்பிள்ளையும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதான். பிள்ளைங்க மட்டும் அழல, அதுங்களுக்குக் கஞ்சி வேணும். அப்புறம் யேசுவடியாளே மூக்கைச் சிந்திட்டு எந்திரிச்சு, அடுப்புல விறகை வச்சு, ஊஃப் ஊஃப்னு ஊதினா. புகை எழும்பிச்சு. கஞ்சி தளபுள தளபுளன்னு கொதிச்சுது. பிள்ளைங்க சர்ர் சர்ர்னு உறிஞ்சிக் குடிச்சுச்சு. யேசுவடியாளும் அங்கனயே ஒரு வாய் குடிச்சா. அவளும் முந்தின நாள் ராத்திரி சாப்பிடலல்லா.

தூங்கிட்டியா?

"...ம்."

இன்னும் கொஞ்சம்தான். முக்கியமானது இனிமேதான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை டாண் டாண்னு கோயில் மணி அடிச்சுது. நேசபாய் வந்தா. சாட்சி சொல்லுற நேரத்துல, ஆண்டவரு செஞ்ச நன்மையை எல்லாரும் எந்திரிச்சுச் சொல்லுவாங்கல்லா, அப்போ அவ எந்திரிச்சு முன்னால போய் நின்னா.

"ஆசீரு என் ஆட்டைத் தொடல. ஆடு ரெண்டு நாள்ல தானா வந்துச்சு. தெரிஞ்சும் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அந்தப் பிள்ளை ஊரை விட்டுப் போனது என்னாலதான்."

எல்லாரும் அவளைப் பாத்தாங்க. எப்படிப் பாத்தாங்க தெரியுமா? அன்னைக்கு ஆசீரைப் பாத்தாங்கல்லா, அதே பார்வை. சத்தமில்லாம ஆளைத் தள்ளி வைக்குற பார்வை. நேசபாய் அதுக்கு முன்னால தன்னந்தனியா நின்னா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

யேசுவடியாள் நெனச்சிருந்தா அப்படியே உக்காந்திருக்கலாம். ஒரு வருஷமா இதைத்தானே கேட்டா? ஊரு முன்னால சொல்லணும், என் மகன் பேரு சுத்தமாகணும்னு. ஆயிருச்சு. அவ உக்காந்திருந்தா யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. ஆனா அந்தப் பார்வை எப்படிச் சுடும்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சவ எப்படி உக்காந்திருப்பா? எந்திரிச்சா. பாயை விட்டு விறுவிறுன்னு நடந்து முன்னால போனா. நேசபாய் பக்கத்துல, தோளோட தோள் ஒட்டி நின்னு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, சனத்தைப் பாத்தா. சரி, இப்போ ரெண்டு பேரையும் பாருங்கன்னு சொல்லுற மாதிரி நின்னா.

முன்வரிசையில ஒருத்தர் கண்ணைத் தாழ்த்தினார். அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் பின்னால இருந்து ஒருத்தி எந்திரிச்சு வந்து நேசபாயோட மறு கையைப் பிடிச்சா. அது யாரு தெரியுமா? ஆசீரு அந்தப் பக்கமாப் போனான்னு அன்னைக்குக் கொளுத்திப் போட்டாளே, அவ.

என்ன, கண்ணைத் தெறந்துட்ட? ஆசீரு வந்தானான்னா கேக்க? வந்தான், வந்தான். யார் போய்க் கூட்டிட்டு வந்தாங்கன்னு நெனைக்க? நேசபாய்தான். நான்தானே விரட்டினேன், நானே போய்க் கூப்பிடுதேன்னு மதுரைக்குப் பஸ் ஏறிப் போயிட்டா. பேக்கரி வாசல்ல நின்னு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுததுல, அவனும் அழுதுக்கிட்டே வந்துட்டான், மாவு அப்பின கையோட. ஆனா ஊருக்கு வந்து முதல் சாப்பாடு யார் வீட்டுலங்கிறதுல அந்த ரெண்டு பொம்பளைங்களுக்கும் மறுபடியும் சண்டை. ரெண்டு வீட்டுலயும் உக்காந்து தின்னுட்டு, எந்திரிக்க முடியாமக் கெடந்தான் பையன்.

அவ்வளவுதான். அவங்க எல்லாரும் வயிறு நெறைய உண்டுட்டுப் படுத்தாச்சு, கதையும் படுத்துருச்சு. நீயும் கண்ணை மூடு, மக்கா. தூங்கு.