இரைப்பில்லாத குரல்

"நான் மறுபடி பாட வந்ததே தப்போ, அம்மா?" என்று கேட்டார் நல்லசிவம்.

வேதநாயகி அம்மாள் துவைத்துக் காய்ந்த போர்வையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். இருவரும் உதறி மடித்தார்கள்.

ஆற்றங்கரையில் இருந்தது அந்த மடம். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் சாகக் கிடப்பவர்களை அங்கே கொண்டுவந்து விடுவார்கள். அம்மாள்தான் எல்லாம். வயதில் இளையவர். ஆனாலும் நல்லசிவம் அவரையே குருவாகக் கொண்டிருந்தார்.

நல்லசிவம் பாட்டெழுதி, மெட்டமைத்து, தானே பாடியவர். மனைவி போனதும் வாயை மூடிக்கொண்டார். வெகுகாலம் கழித்து, பழைய ரசிகர்கள் விடாமல் கேட்டதால், மறுபடி ஸ்டூடியோவுக்குப் போனார். அதற்குள் இரைப்பு நோய் வந்திருந்தது. வரி வரியாகப் பாடவைத்து ஒட்டினார்கள். இடையில் இரைந்த மூச்சையெல்லாம் மெஷின் வழித்தெடுத்தது. ஊர் கொண்டாடியது.

மேடையில் மெஷின் இல்லை. இரண்டாம் பாட்டிலேயே மூச்சு முட்டியது. பெரியவரை உட்காரவைத்துவிட்டு ரெக்கார்டைப் போடுங்கப்பா என்றான் பின்வரிசையில் ஒருவன். அரங்கம் சிரித்தது.

அடுத்த கச்சேரிக்கு அப்படியே செய்துவிடலாம் என்கிறார்களாம். ரெக்கார்டு ஓடும். அவர் உதட்டை அசைத்தால் போதும்.

"அசைக்கவா? இல்லை, ஒரேயடியாக விட்டுவிடவா?"

அம்மாள் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"உள்ளே ஒருத்தர் பாட்டுக் கேட்டார். வாருங்கள், கவிஞரே."

கடைசிக் கட்டிலில் காத்தவராயன் கிடந்தார். லாரி ஓட்டியவர். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு எலும்பெல்லாம் எழுந்து எழுந்து அடங்கியது. வந்திருப்பது யாரென்று அம்மாள் சொன்னார். அவர் நம்பவில்லை. பிறகு கண் கலங்கினார்.

நல்லசிவம் ஸ்டூலில் உட்கார்ந்து பாடினார். முதல் அடியிலேயே இரைத்தது. சொல் பாதியில் அறுந்தது.

காத்தவராயன் சிரிக்கப் பார்த்தார்.

"உங்களுக்கும் இழுக்குதாண்ணே? மெதுவாப் பாடுங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல."

நல்லசிவத்துக்குக் கூசியது. சாகப்போகிறவனுக்கா இந்த ஓட்டைக் குரல்? சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஸ்டூடியோவில் பாடியதைப் போட்டுத் தலையணை ஓரம் வைத்தார்.

குரல் எழுந்தது. பிசிறில்லாமல், இளமையாக.

காத்தவராயன் போனைப் பார்க்கவில்லை. நல்லசிவத்தின் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பல்லவி திரும்பி வந்தபோது நெஞ்சு ஒருமுறை அடங்கியது. மறுபடி எழவில்லை.

பாட்டு நிற்கவில்லை. அடுத்த சரணத்துக்குப் போயிற்று.

நல்லசிவம் பதறிப்போய் போனை அணைக்கக் கை நீட்டினார். அம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாடட்டும், கவிஞரே. ஓர் உயிர் போனதற்கு எங்கேயாவது சுருதி விலகுகிறதா, பாருங்கள்."