யானை ஓட்டிய அனுபவம் உண்டா?

கொன்றை நாட்டு அரசர் செண்பகவர்மனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு யானை தயார். பாகன்தான் இல்லை. பழைய பாகன் வயதாகி விலகிவிட்டார். 'அரண்மனை யானைக்குப் பாகன் தேவை' என்று பறை அறைந்தார்கள். இருப்பது ஒரே வேலை. வந்ததோ தெருக் கொள்ளாத கூட்டம்!

ஆள் எடுக்கும் பொறுப்பு அமைச்சர் பராங்குசருக்கு. எல்லாரிடமும் அவர் ஒன்றேதான் கேட்டார்.

"அரண்மனை யானையை ஓட்டிய அனுபவம் உண்டா?"

"இல்லீங்க."

"போ. அடுத்த ஆள்!"

மாடக்கண்ணு என்ற இளைஞனின் முறை வந்தது. வேலை கேட்டு அவன் ஏறாத வாசல் இல்லை. அவனைப் பார்த்ததுமே, பக்கத்தில் கட்டியிருந்த யானை தும்பிக்கையை நீட்டி அவன் தலைமுடியைக் கலைத்து விளையாடியது. அமைச்சர் அசரவில்லை.

"அனுபவம் உண்டா?"

"ஐயா, நாட்டிலேயே இந்த ஒரு யானைதானே இருக்கு! வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்?"

"அனுபவம் இருந்தால்தான் வேலை!"

"வேலை இருந்தால்தானே அனுபவம்?"

"அனுபவத்தோடு வா, பேசலாம்!"

தொங்கிய முகத்தோடு வெளியே வந்தவனை அரசவை விகடர் குப்பாண்டியார் பிடித்துக்கொண்டார். கதையைக் கேட்டுத் தொந்தி குலுங்கச் சிரித்தார். "நாளைக்குச் சபை வாசலில் வந்து நில்லப்பா" என்றார்.

மறுநாள் பெண் வீட்டார் சீரோடு சபைக்கு வந்திருந்தார்கள். குப்பாண்டியார் எழுந்தார்.

"மன்னா, பெண் வீட்டார் சார்பில் ஒரு கேள்வி. தாங்கள் இதற்கு முன் யாருக்காவது கணவராக இருந்ததுண்டா?"

அரசர் பதறிப்போனார். "ஐயையோ! இதுதான் எனக்கு முதல் கல்யாணம்!"

"அடடா, அனுபவமே இல்லையா? அப்படியானால் தள்ளி நில்லுங்கள். அடுத்த மாப்பிள்ளை!"

சபை கொல்லென்று சிரித்தது. அரசருக்கு முகம் சிவந்தது. அமைச்சர் துள்ளி எழுந்தார்.

"என்ன உளறல் இது! கட்டிக்கொண்ட பிறகுதானே ஐயா அனுபவம் வரும்? கட்டிக்கொள்ளாமலே எப்படி வரும்?"

குப்பாண்டியார் வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார். "மாடக்கண்ணு, உள்ளே வா! அமைச்சரே உனக்காக வாதாடிவிட்டார்!"

நடந்ததைக் கேட்ட அரசர், "முதலில் இவன் ஓட்டிக் காட்டட்டும்" என்றார். முற்றத்துக்கு யானை வந்தது. மாடக்கண்ணு அதன் காதோரம் ஏதோ சொன்னான். யானை மடங்கி உட்கார்ந்து அவனை ஏற்றிக்கொண்டது. பெண் வீட்டார் கைதட்டினார்கள். அமைச்சரும் வெட்கத்தோடு தட்டினார். வேலை அங்கேயே உறுதியானது.

அரசர் தன் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டியாருக்குப் போட்டார்.

"குப்பாண்டியாரே, உமக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் இருக்குமே! கணவன் வேலையில் உமக்கு நல்ல அனுபவம்தானே?"

குப்பாண்டியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அனுபவம் இருக்கிறது, மன்னா. ஆனால் வீட்டில் என்னை இன்னும் நிரந்தரம் பண்ணவில்லை!"