துமி ஓரிடத்தில் நில்லாமல் போனது

மேடும் பள்ளமும் பேசிய அந்தக் காலத்தில், நுண்துகள்களும் கூழாங்கற்களைப் போலத்தான் இருந்தன. வைத்த இடத்தில் இருக்கும், உருட்டினால் உருளும். "இன்னார் எங்கே?" என்று கேட்டால், "அதோ அங்கே" என்று யாரும் சொல்லிவிடலாம்.

ஓர் ஆழமான பள்ளத்தில் துமி என்ற துகளும் அவள் தங்கை நொய்யும் தாயோடு வாழ்ந்தார்கள். பக்கத்தில் செங்குத்தாக ஒரு மேடு. அதற்கு அப்பால் இன்னொரு பள்ளம். அதில் விழுந்த யாரும் திரும்பி ஏறிவந்ததில்லை.

ஒருநாள் நொய்க்கு மேட்டின் உச்சியைப் பார்க்க ஆசை வந்தது.

"அக்கா, நீ அடியிலேயே நின்று குரல் கொடு. அதை வைத்துத்தான் நான் இந்தப் பக்கம் இறங்க முடியும்."

"இந்த இடத்தைவிட்டு அசையமாட்டேன். நீ போ" என்றாள் துமி.

நொய் ஏறினாள். கொஞ்ச நேரம் துமி குரல் கொடுத்தாள். அப்புறம் பள்ளத்தின் மறுகோடியில் மற்றத் துகள்கள் சறுக்கி விளையாடும் சிரிப்பு கேட்டது. ஒரே ஒரு முறை சறுக்கிவிட்டு வரலாமே என்று போனாள். உச்சியில் மூடுபனி. "அக்கா! அக்கா!" என்று நொய் கூப்பிட்டாள். பதில் இல்லை. தடுமாறி அப்பக்கம் விழுந்துவிட்டாள்.

தாய் பதறி வந்தாள். "நீ எங்கேடி இருந்தாய்?"

"இங்கேதான் அம்மா நின்றேன்" என்றாள் துமி.

மேடு மெல்லக் கேட்டது: "இங்கேயா நின்றாய், துமி?"

சறுக்கி விளையாடிய துகள்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைத்தான் துமியால் தாங்க முடியவில்லை.

அவள் உடல் கரைந்தது. இங்கே நின்றேன் என்று சொல்ல அவளுக்கு இனி எந்த இடமும் இல்லை. பள்ளமெங்கும் அலையாகப் பரவினாள். மேட்டில் மோதித் திரும்பினாள், மறுபடி மோதினாள். யாராவது பார்த்தால் மட்டும் கூனிக் குறுகி எங்கோ ஒரு புள்ளியாக ஒடுங்கினாள். பார்வை விலகியதும் மீண்டும் பரவினாள்.

மோதிய அலையின் மெல்லிய நுனி மேட்டுக்குள் ஊறிற்று. மேட்டுக்கு அதை முழுதாகத் தடுக்க மனம் வரவில்லை. அப்பக்கம் ஏதோ அசையக் கண்டு நொய் திரும்பிப் பார்த்தாள். பார்த்த இடத்தில் துமி ஒடுங்கி நின்றாள்.

"வந்துவிட்டாயா அக்கா? எவ்வளவு கூப்பிட்டேன் தெரியுமா!" என்று நொய் சிரித்தாள்.

துமியால் தலை நிமிர முடியவில்லை. "நீ கூப்பிட்டபோது நான் அங்கே இல்லை, நொய்."

நொய்யின் சிரிப்பு அடங்கியது. அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். துமி அந்தப் பள்ளத்திலும் அலையானாள்.

துமியின் வெட்கத்தைத் துகள் குலம் முழுவதும் தன்மேல் ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்துதான் நுண்துகள்கள், பார்ப்பார் இல்லாதபோது ஓரிடத்தில் நில்லாமல், பள்ளத்தில் அடர்ந்தும் மேட்டில் மெலிந்தும் அலைகின்றன. யாராவது பார்த்துவிட்டால், கூசி ஒரு புள்ளியாகின்றன. எப்போதாவது ஒன்று, ஏறவே முடியாத மேட்டுக்கு அப்பாலும் காணக் கிடைக்கிறது.