நாய் ஏன் மோந்து, சுற்றி, மண்ணைத் தள்ளுகிறது

மிருகங்களுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில் நாய்க்கு வீடு கிடையாது. பூனை எப்போதோ அடுப்படிக்குள் வந்து இடம் பிடித்துவிட்டது. கோழி முற்றம் வரைக்கும் வந்திருந்தது. நாய் மட்டும் காட்டில் புதருக்குள் குட்டி போடும், சிறுத்தை வந்து தூக்கிக்கொண்டு போகும், நாய் மறுபடியும் குட்டி போடும்.

மலையடிவாரத்தில் மாடத்தி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பெயர் ஆண்டி. பத்து ஆடு வைத்திருந்தார்கள். ஒரே கோடையில் சிறுத்தை ஆறைத் தின்றுவிட்டது. மிச்சம் நாலு, அதில் ஒன்று சினை. இந்த நாலும் போனால் மலையை விட்டு இறங்கி யார் வீட்டிலாவது கைகட்டி நிற்க வேண்டியதுதான் என்று மாடத்திக்குத் தெரியும். அதனால் பகலெல்லாம் பட்டிக்கு முள் வைத்து அடைத்துக்கொண்டே இருப்பாள். சிறுத்தைக்கு முள் ஒரு பொருட்டே இல்லை.

அமாவாசைக்கு மறுநாள் காலையில் ஒரு காட்டு நாய் வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டது. செவலைக் குட்டி. கால் இன்னும் தரையில் சரியாக ஊன்றவில்லை.

"தங்கச்சி, அஞ்சு போட்டேன். நாலை அவன் தின்னுட்டான். இது ஒண்ணுதான் கெடக்கு" என்றது நாய். "இதை வளத்து விடு. எங்க மூக்குக்கு அவன் வாடை நல்லாத் தெரியும். உன் ஆட்டுக்குக் காவலா இருக்கும்."

"கொண்டு போக எப்ப வருவே அக்கா?"

"பௌர்ணமி கழிஞ்சு வாரேன். உங்களுக்குத் தோது இல்லன்னா தூக்கிட்டுப் போறேன்."

தூக்கிக்கொண்டு எங்கே போகும் என்று மாடத்தி கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்ததுதானே.

ஆண்டிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அந்த வீட்டுத் தரை அவன் கையால் போட்டது. புற்றுமண்ணை மிதித்து, பலகையால் அடித்து, கூழாங்கல்லால் தேய்த்து, மாசக்கணக்கில் பாடுபட்டுப் போட்ட தரை. காலைக் கழுவாமல் ஒருத்தரும் உள்ளே வரக் கூடாது. மாமனாரே ஆனாலும் வாசலில் செம்பு இருக்கும்.

"பௌர்ணமி வரைக்கும் பாக்கேன்" என்றான். "அதுக்குள்ள தரையில போறத விடலன்னா, அந்த நாய் வந்தாலும் வராட்டாலும் நானே காட்டுல கொண்டு விட்டுருவேன்."

செவலை வந்த அன்றே ஐந்து தடவை போனது. போய்விட்டு ஒவ்வொரு தடவையும் மரியாதையாக வந்து சொன்னது.

"சித்தி, வந்துட்டு."

"வருதுன்னு முன்னாடியே சொன்னா என்னலே?"

"வந்தப்புறந்தான சித்தி எனக்கே தெரியுது."

அது பொய் சொல்லவில்லை. அந்த வயசில் அவ்வளவுதான். மாடத்தி வையவில்லை. கீழே மேயும் மாட்டு மந்தையிலிருந்து அள்ளி வைத்திருந்த சாணத்தைக் கரைத்து அந்த இடத்தை மெழுகினாள். தரை சுத்தமாக வேண்டும் என்றால் சாணம்தான் என்று அவள் தாய் செய்தாள், தாய்க்குத் தாய் செய்தாள், அவளும் செய்தாள். மறுநாள் ஏழு தடவை. ஏழு தடவையும் மெழுகினாள். அதற்கு அடுத்த நாள் எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டாள்.

ஆண்டி தன் பங்குக்கு வைத்தியம் செய்தான். குட்டியின் பிடரியைப் பிடித்து மூக்கை ஈரத்தில் தேய்த்து, முதுகில் இரண்டு வைத்தான். அதிலிருந்து செவலை கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். சித்தப்பா இருக்கும்போது போகக் கூடாது. அன்று முதல் தானியக் குலுக்கைக்குப் பின்னால் போய், வந்து சொல்லவும் சொல்லாமல், நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் கழித்து நாற்றம்தான் காட்டிக்கொடுத்தது.

"திருட்டுப் பயபுள்ள" என்றான் ஆண்டி.

"நீங்க அடிச்சுத்தான் திருட்டு படிச்சுது" என்றாள் மாடத்தி. அவளுக்கும் எரிச்சல்தான். சாணம் சுமந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது.

ஆறாம் நாள் அவள் முள் வெட்டப் போகும்போது, குட்டி பாயைக் கடித்துக் குதறிவிடும் என்று பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் விட்டுவிட்டுப் போனாள். கோழியை மூடி வைக்கும் பிரம்புக் கூடை அது. உள்ளே ஒரு பழஞ்சாக்கும், கடிக்கத் தேங்காய் மட்டை ஒன்றும் போட்டிருந்தாள். வேலை முடித்து வந்து தூக்கிப் பார்த்தால் சாக்கு காய்ந்து கிடந்தது. குட்டி வெளியே வந்து நாலு எட்டு நடந்து, நடுவீட்டில் உட்கார்ந்து, போனது.

மாடத்தி அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏலே, கூடைக்குள்ள ஏன் போகல?"

"படுக்குற இடத்துல யாராவது போவாவளா சித்தி?"

"அப்ப இது என்ன இடம்?"

"இது சாணி போடுற இடம்லா?" என்றது செவலை. "நீங்கதான தெனமும் போடுதீய. மூலை முடுக்கு விடாம போடுதீய. நான் போனா அந்த இடத்துல மட்டும் இன்னொரு தடவ போடுதீய. எனக்கு ஜோடி சேக்கீயன்னுல்லா நெனச்சேன்."

மாடத்தி மெழுகிய தரையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஆறு நாளாக அவள் குட்டியைத் திருத்தவில்லை. இங்கேதான் போ, இங்கேதான் போ என்று கையால் எழுதி எழுதிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பௌர்ணமிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

எழுந்து களைக்கொத்தியை எடுத்தாள். குட்டி போன இடங்களை ஒவ்வொன்றாக மோந்து பார்க்கச் சொல்லி, அது காட்டிய இடத்திலெல்லாம் தரையைச் சுரண்டினாள். ஈரம் ஏறிய மண்ணை நார்ப்பெட்டியில் அள்ளினாள். குழிகளில் சாம்பலைக் கொட்டி, புது மண் போட்டு அமுக்கினாள். ஒரு பொட்டுச் சாணம் வைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், முள்வேலிக்கு வெளியே சுனைக்குப் போகிற வழியில் நின்ற வாகைமரத்தடியில் அந்த மண்ணைத் தூவினாள். ஒரே இடத்தில் கொட்டாமல் மரத்தைச் சுற்றித் தூவினாள்.

"உன் வாடை இப்ப இங்கதான் இருக்கு. இதுதான் உன் இடம். வீடு பூரா உனக்குப் படுக்குற இடம். வெளங்குதா?"

"வெளங்குது சித்தி" என்றது. சொல்லிவிட்டு அவள் காலிலேயே போனது.

சாயங்காலம் ஆண்டி வந்து தரையைப் பார்த்தான். அம்மை வார்த்த முகம் மாதிரி குழி குழியாக இருந்தது. அவன் தனியாகச் சோறு எடுத்துப் போட்டுத் தின்றான்.

மறுநாளிலிருந்து மாடத்திக்கு வேறு வேலை ஓடவில்லை. குட்டி கண் விழித்தால் தூக்கிக்கொண்டு வாகைமரத்தடிக்கு ஓடுவாள். கஞ்சி குடித்தால் ஓடுவாள். விளையாடிவிட்டுத் தரையை மோந்துகொண்டு திரிய ஆரம்பித்தால், அது கேட்கும் முன்னாலேயே ஓடுவாள். கொண்டுபோய் விட்டதும் அது தன் வாடையைத் தேடி மரத்தைச் சுற்றி மோந்துகொண்டே போகும். மண் சுற்றிலும் தூவியிருந்ததால் அதுவும் சுற்றிச் சுற்றித்தான் வரும். அவள் வாயைத் திறக்காமல் நிற்பாள். போய் முடித்ததும் கழுத்தைச் சொறிந்து, "என் ராசா" என்பாள். கையிருப்பில் கருவாட்டுத் துண்டு இருந்தால் அதுவும் கிடைக்கும். வீட்டுக்குள் தவறிப் போனால் அதட்டாமல் அந்த மண்ணைச் சுரண்டிக் கொண்டுபோய் மரத்தடியில் சேர்ப்பாள்.

சில சமயம் சுனையிலிருந்து குடத்தோடு வரும் வழியில் செவலைக்காக அங்கே நிற்க வேண்டி வரும். இடுப்பில் நிறைகுடம், அடுப்பில் உலை, குனிய முடியாது. வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கிக்கொண்டே குதிகாலால் மண்ணைப் பின்னுக்கு இரண்டு தள்ளுத் தள்ளி, அது போனதை மூடிவிட்டுப் போவாள். மூடியதா இல்லையா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. செவலை அதைப் பார்த்தது. போனால் அப்படித்தான் செய்ய வேண்டும்போல என்று அதுவும் வீட்டைப் பார்த்து நின்றுகொண்டு பின்காலால் மண்ணை விசிறியது. மண் எங்கே விழுந்தால் அதற்கென்ன.

பத்தாம் நாள் மூன்று தவறு. பன்னிரண்டாம் நாள் ஒன்று. அதுவும் மாடத்தி அசந்து தூங்கியதால் வந்தது. பதின்மூன்றாம் நாள் எதுவும் இல்லை. ஆனாலும் ஆண்டி குலுக்கைக்குப் பின்னால் தினமும் எட்டிப் பார்த்தான்.

பௌர்ணமியன்று பொழுது சாயும்போது அவன் சொன்னான், "இன்னைக்கு ராத்திரி ஒரு சொட்டு விழட்டும். காலையில நாய் வரும்போது குட்டி வாசல்ல இருக்கும்."

கஞ்சியை ஊட்டிவிட்டு மாடத்தி செவலையைத் தூக்கிக்கொண்டு வாகைமரத்துக்குப் போனாள். அது மோந்தது. ஒரு சுற்று வந்தது. மறுபடியும் மோந்தது. இன்னொரு சுற்று வந்தது.

"சட்டுன்னு போலே. உலை பொங்குது."

"இருங்க சித்தி. என் இடத்துல வேற யாரோ போயிருக்காவ."

"மாடா இருக்கும்."

"மாட்டு வாடை எனக்குத் தெரியாதா? நான் சாணியிலதான வளந்தேன்." குட்டி ஒரு அடி பின்னுக்கு வந்தது. அதன் முதுகு முடி சிலிர்த்து நின்றது. "எங்கம்மா என்னைக் கவ்விட்டு ஓடுனாள்ல, அன்னைக்கு அடிச்ச வாடை சித்தி. ஈரம் இன்னும் காயல."

மாடத்திக்குக் கை கால் ஓடவில்லை. அடுத்த நொடி ஓடியது. குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பட்டிக்கு ஓடி, படலைத் திறந்து, நாலு ஆட்டையும் வீட்டுப் பக்கம் விரட்டினாள்.

ஆண்டி வாசலை மறித்து நின்றான். "ஆடு உள்ளயா? என் தரையிலயா?"

"தரை வேணுமா, ஆடு வேணுமா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். விலகி, ஆடுகளை உள்ளே இழுத்துக் கதவுக்குத் தாழ் போட்டு, அம்மிக்கல்லை உருட்டி அண்டக் கொடுத்தான். செவலையைப் பஞ்சாரத்துக்குள் விட்டார்கள். அது போகாமலே திரும்பி வந்தது மாடத்திக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கதவைத் திறக்க வழியில்லை. அத்தனை சின்ன வயிறு, குடித்ததோ ஒரு சிரட்டை நிறையக் கஞ்சி.

சிறுத்தை வந்தது. பட்டி முள்ளைப் பிய்த்து எறிந்தது. வெறும் பட்டியைப் பார்த்துவிட்டு வீட்டுக் கதவைப் பிறாண்டியது. செவலை கூடைக்குள்ளிருந்து தன் உடம்பு கொள்ளாத சத்தத்தில் கத்தியது. அதற்கு அவ்வளவு குரல் உண்டு என்று அதற்கே அன்றுதான் தெரியும். ஆடுகள் வெலவெலத்துப்போய், ஆட்டுக்கு வயிற்றில் என்னென்ன உண்டோ அத்தனையையும் ஆண்டியின் தரையில் இறைத்தன. ஆண்டியும் விடியும்வரை வெளியே போகவில்லை. எப்படிச் சமாளித்தான் என்று கேட்பது மரியாதை இல்லை.

வெளிச்சம் வந்து, கதவுக்கு வெளியே ஒரு சத்தமும் இல்லை என்று ஆன பிறகு கூடைக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"சித்தி, விடிஞ்சிட்டா?"

ஆண்டிதான் எழுந்து பஞ்சாரத்தைத் தூக்கினான். சாக்கைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. வீடு முழுக்கப் புழுக்கையும் ஈரமுமாகக் கிடக்க, அந்த ஒரு சாண் இடம் மட்டும் காய்ந்திருந்தது. செவலை பின்கால்களை ஒடுக்கிக்கொண்டு கதவடிக்கு நடந்து போய், கதவைப் பார்த்தது, பிறகு அவன் முகத்தைப் பார்த்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தால் எல்லாம் திறந்துவிடும் என்று அதற்குப் பயம்.

ஆண்டி அம்மிக்கல்லைத் தள்ளிக் கதவைத் திறந்தான். குட்டியின் பின்னாலேயே வாகைமரம் வரைக்கும் போனான். அந்த நிலைமையிலும் அது மரத்தைச் சுற்றி மோந்து பார்த்தது. புதிதாக யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் போனது. வெகுநேரம் போனது. முடிந்ததும் வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்று மண்ணை நாலு தள்ளுத் தள்ளியது. அவ்வளவு மண்ணும் ஆண்டியின் காலில் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தால் தாய் நாய் எதிரே நின்றுகொண்டிருந்தது. வீட்டுக் கதவில் இருந்த நகக் கீறலைப் பார்த்தது, பிய்ந்து கிடந்த பட்டியைப் பார்த்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டது.

"பிள்ளையக் கூட்டிட்டுப் போகவா?"

"பிள்ளை இங்கதான் இருப்பான் மைனி" என்றான் ஆண்டி. "நீங்களும் உள்ள வாங்க."

பெண்டாட்டியின் அக்காளைக் கூப்பிடுவதுபோல் அவன் மைனி என்றதைக் கேட்டு மாடத்தி வாசலில் நின்றபடியே அழுதாள். மூன்று பேரும் அவளைத் தாண்டி உள்ளே போனார்கள். ஆண்டி செம்பைப் பார்க்கவே இல்லை, மண் காலோடு தன் தரையில் நடந்து போனான்.

பேச்சு பிறகு மிருகங்களை விட்டுப் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. அன்று பிடித்துத்தான் நாய் வெளியே போக வேண்டுமென்றால் கதவையும் நம் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறது, போன இடத்தில் மோந்து மோந்து சுற்றுகிறது, முடித்ததும் திரும்பிப் பாராமல் மண்ணைப் பின்னால் தள்ளுகிறது. கூட நிற்பவர் அவசரப்படுத்தக் கூடாது. அது இன்னும் நம் நாலு ஆட்டுக்காகத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறது.